மாடிப்படி விளக்குக்கு இரண்டு சுவிட்ச்: இணைப்பதும் கோளாறு பார்ப்பதும்

போன பொங்கலுக்கு முன்னால் எங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தோம். சுவர் சுத்தமாக வர வேண்டும் என்று சுவிட்ச் போர்டுகளின் முன்தகட்டை எல்லாம் கழற்றினார்கள். மாடிப்படிக்குக் கீழே இருந்த சுவிட்ச் விரிசல் விட்டிருந்தது, அதையும் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்று ராத்திரி மாடியிலிருந்து இறங்கப் போன அம்மா மேலே சுவிட்சைத் தட்டினார். விளக்கு எரியவில்லை. திரும்பத் தட்டினார், எரியவில்லை. கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே இருட்டில் இறங்கி வந்தார். காலையில் பார்த்தால் பல்பு நன்றாக இருக்கிறது, சுவிட்ச் புத்தம் புதிது, ஒரு வயரும் அறுந்திருக்கவில்லை. சுவிட்சின் பின்னால் இருக்கும் மூன்று ஸ்க்ரூவில் இரண்டு வயர்கள் இடம் மாறியிருந்தன. அவ்வளவுதான்.

ஒரே விளக்கை இரண்டு இடத்திலிருந்து போட்டு அணைக்கும் இந்த டூ-வே ஏற்பாட்டில் வரும் தொல்லைகள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. அந்த மூன்று ஸ்க்ரூவில் எது காமன், அதாவது மற்ற இரண்டுக்கும் பொதுவானது, என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. காமன் எது என்று பார்க்காமல் நிறத்தையும் இடத்தையும் நம்பி வயரைச் சொருகினால் எந்தச் சுவிட்சும் ஒழுங்காக வேலை செய்யாது.

எது உங்கள் வேலை, எது வயர்மேன் வேலை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளின்படி, வீட்டில் பல்பு, ஃபேன், ஃப்யூஸ், சுவிட்ச் போன்றவை கெட்டால் அதே திறனில் மாற்றிக்கொள்ளலாம். புதிதாக வயர் இழுப்பதும் இருக்கும் வயரிங்கை மாற்றி அமைப்பதும் உரிமம் பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை. ஆகவே சுவிட்ச் மாற்றுவதையும் மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கோளாறு பார்ப்பதையும் நீங்கள் செய்யுங்கள். புது இணைப்பைப் பற்றிக் கீழே சொல்வதெல்லாம், வயர்மேன் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று சரியாகப் போகிறதா என்று உங்களால் பார்க்க முடிய வேண்டும் என்பதற்காக.

கரண்ட் உண்மையிலேயே போய்விட்டதா?

மெயினை இறக்கிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். மாடிப்படி விளக்கு விஷயத்தில் இது மற்ற எந்த விளக்கையும் விட ஆபத்தானது.

முதல் காரணம் இன்வெர்ட்டர். கரண்ட் போனால் இருட்டில் யாரும் தடுமாறக் கூடாது என்று மாடிப்படி விளக்கைத்தான் முதலில் இன்வெர்ட்டர் லைனில் சேர்ப்பார்கள். நீங்கள் மெயினை இறக்கிய உடனே இன்வெர்ட்டர் கரண்ட் கொடுக்க ஆரம்பித்துவிடும். சுவிட்சைக் கழற்றும் கைக்கு அதே 230 வோல்ட் காத்திருக்கும். அதனால் இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும். முன்பக்கப் பட்டனை மட்டும் தட்டாமல், அதன் அவுட்புட் லைனுக்குத் தனி எம்.சி.பி. (அளவுக்கு மேல் கரண்ட் போனால் தானாக இறங்கும் சுவிட்ச்) இருந்தால் அதையும் இறக்குங்கள்.

இரண்டாவது, மாடியை வாடகைக்கு விட்டிருக்கும் வீடுகள். கீழே ஒரு மீட்டர், மேலே ஒரு மீட்டர் என்று இரண்டு சர்வீஸ் இருக்கும். மாடிப்படி விளக்கு எந்த மீட்டரில் ஓடுகிறது என்று வீட்டுக்காரருக்கே தெரியாத வீடுகளைப் பார்த்திருக்கிறேன். மேல் போர்டில் இருக்கும் பக்கத்துச் சுவிட்சுகள் மாடி மீட்டரிலும், டூ-வே சுவிட்ச் மட்டும் கீழ் மீட்டரிலும் இருக்கலாம். இரண்டு மெயினையும் இறக்கிவிட்டுத்தான் போர்டைத் திறக்க வேண்டும்.

மூன்றாவது, த்ரீ ஃபேஸ் வீடுகள். ஒரே போர்டுக்குள் இரண்டு வேறு ஃபேஸ் (கரண்ட் கொண்டுவரும் வயர்) வந்திருந்தால், அவற்றுக்கு இடையே சுமார் 400 வோல்ட் இருக்கும்.

இறக்கிய பிறகு டெஸ்டரை வைத்துப் பாருங்கள். அதற்கு முன் அந்த டெஸ்டர் வேலை செய்கிறதா என்று கரண்ட் இருக்கும் ஒரு பாயிண்டில் வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். போர்டைத் திறந்ததும் கையை வைக்காமல், எல்லா ஸ்க்ரூவிலும் ஒவ்வொன்றாக டெஸ்டரை வையுங்கள். சுவிட்சைத் தட்டி, இரண்டு நிலையிலும் வைத்துப் பாருங்கள். எங்காவது லேசாக மினுக்கினால்கூட அங்கே கரண்ட் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலையை நிறுத்துங்கள். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக இறங்கும் சுவிட்ச்) இருப்பது நல்லதுதான். ஆனால் ஃபேஸையும், கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரலையும் இரண்டு கையால் ஒருசேரத் தொட்டுவிட்டால், எர்த்துக்குக் கசிவு இல்லாததால் அது இறங்காது. அதை நம்பிக் கையை விடாதீர்கள்.

சுவிட்சுக்கு உள்ளே

சாதாரணச் சுவிட்சில் இரண்டு ஸ்க்ரூ. டூ-வே சுவிட்சில் மூன்று. அதில் ஒன்று காமன். மற்ற இரண்டும் கரைகள். சுவிட்சை மேலே தட்டினால் காமன் ஒரு கரையோடு சேரும், கீழே தட்டினால் அதை விட்டுவிட்டு மற்றக் கரையோடு சேரும். டூ-வே சுவிட்சுக்கு ஆன், ஆஃப் என்ற நிலையே கிடையாது. எப்போதும் ஏதாவது ஒரு கரையோடு சேர்ந்தே இருக்கும். இதை மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

பழைய கட்டைச் சுவிட்சுகளில் பெரும்பாலும் நடு ஸ்க்ரூதான் காமன். மாடுலர் சுவிட்சுகளிலும் பல கம்பெனிகளில் அப்படித்தான், ஆனால் எல்லாவற்றிலும் இல்லை. சிலவற்றில் எழுத்துப் பொறித்திருக்கும், சிலவற்றில் அம்புக்குறி இருக்கும். வாங்கி வந்ததும் மல்டிமீட்டரைச் சத்தம் வரும் நிலையில் வைத்து, சுவிட்சைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்துவிடுங்கள். எந்த இரண்டு ஸ்க்ரூவில் வைத்தால் சுவிட்ச் மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் சத்தமே வரவில்லையோ, அவை இரண்டும் கரைகள். மீதி இருப்பது காமன். ஒரு நிமிடம்கூட ஆகாது. ஸ்கெட்ச் பேனாவால் அதன் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

இணைக்கும் வழி

மாடிப்படிக்குக் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச், நடுவில் விளக்கு என்று வைத்துக்கொள்வோம். டிஸ்ட்ரிப்யூஷன் போர்டில் விளக்குகளுக்கான 6 அல்லது 10 ஆம்பியர் எம்.சி.பி.யிலிருந்து வரும் சிவப்பு ஃபேஸ் வயர் கீழ்ச் சுவிட்சின் காமனுக்குப் போகிறது. அந்தச் சுவிட்சின் இரண்டு கரைகளிலிருந்து இரண்டு வயர் கிளம்பி, பைப் வழியாக மேலே போய், மேல் சுவிட்சின் இரண்டு கரைகளில் சேர்கின்றன. இவற்றை ஜோடி வயர் என்று சொல்கிறேன். மேல் சுவிட்சின் காமனிலிருந்து ஒரே ஒரு வயர் விளக்குக்குப் போகிறது. கருப்பு நியூட்ரல் எந்தச் சுவிட்சையும் தொடாமல் நேராக விளக்குக்கு வருகிறது. உலோகப் பாக்ஸ்களுக்கும், உலோக விளக்காக இருந்தால் அதற்கும் பச்சை எர்த் வயர்.

இப்போது கரண்டோடு சேர்ந்து நடந்து பாருங்கள். கீழ்ச் சுவிட்ச் ஃபேஸை ஜோடியில் ஏதோ ஒரு வயரில் ஏற்றுகிறது. மேல் சுவிட்ச் அதே வயரைப் பிடித்திருந்தால் விளக்கு எரியும், வேறு வயரைப் பிடித்திருந்தால் எரியாது. எந்தப் பக்கம் தட்டினாலும் பொருத்தம் மாறுகிறது, அதனால் விளக்கும் மாறுகிறது. ஜோடி வயர்கள் இரண்டும் ஒரு பக்கத்தில் இடம் மாறிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். ஒன்றும் ஆகாது. சுவிட்ச் மேலே இருக்கும்போது எரிந்தது கீழே இருக்கும்போது எரியும், அவ்வளவுதான்.

வயர் 1.5 சதுர மி.மீ. செம்பு வயர் போதும். ஜோடி வயர்களுக்குச் சிவப்பும் கருப்பும் வேண்டாம், பச்சை வேண்டவே வேண்டாம். சிங்கிள் ஃபேஸ் வீட்டில் மஞ்சளும் நீலமும் நன்றாகப் பிரித்துக் காட்டும். த்ரீ ஃபேஸ் வீட்டில் அந்த நிறங்கள் வேறு ஃபேஸ்களைக் குறிக்கும் என்பதால், இரண்டு முனையிலும் டேப் சுற்றி அடையாளம் வைக்கச் சொல்லுங்கள்.

வயர் முனையைச் சீவும்போது ஒரு செ.மீ.க்கு மேல் வேண்டாம். செம்பு இழைகளை முறுக்கி, ஒரு பிசிறுகூட வெளியே நிற்காமல் உள்ளே தள்ளி ஸ்க்ரூவை இறுக்குங்கள். பிறகு வயரைப் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். ஸ்க்ரூ பிளாஸ்டிக் உறையின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தால் பார்க்க இறுக்கமாகத் தெரியும், ஆனால் செம்பைத் தொட்டிருக்காது. ஆறு மாதம் கழித்து விளக்கு மினுக்கும்போதுதான் அது தெரியவரும். முன்தகட்டை மூடும்போது வயரை மடித்து நெருக்கித் தள்ளுவோமே, லூசான வயர் அந்தத் தள்ளலில் வெளியே வந்துவிடும்.

நியூட்ரல் விஷயத்தில் ஒன்றைக் கண்டிப்பாகப் பாருங்கள். ஃபேஸ் எந்த எம்.சி.பி.யிலிருந்து வருகிறதோ, நியூட்ரலும் அதே சர்க்யூட்டிலிருந்துதான் வர வேண்டும். விளக்கு மாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது, மாடி நியூட்ரல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று அதில் சேர்த்துவிடும் பழக்கம் உண்டு. விளக்கு எரியும். ஆனால் மேலேயும் கீழேயும் தனித்தனி ஆர்.சி.சி.பி. இருந்தால், ஒன்றில் போன கரண்ட் இன்னொன்றில் திரும்பும்போது அது கசிவு என்றே கணக்காகும், விளக்கைப் போட்டதும் இறங்கும். ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் இது இன்னும் மோசம். மாடி மெயினை மட்டும் இறக்கிவிட்டு அந்த நியூட்ரலை யாராவது பிரித்தால், கீழேயிருந்து பல்பு வழியாக வந்து நிற்கும் ஃபேஸ் அவர் கையில் அடிக்கும். கருப்பு வயர்தானே என்று அவர் தொட்டிருப்பார்.

ஒருபோதும் அனுமதிக்கக் கூடாத இணைப்பு

சில பழைய வீடுகளில் வேறு மாதிரி இணைத்திருப்பார்கள். ஒவ்வொரு சுவிட்சின் ஒரு கரையில் ஃபேஸ், இன்னொரு கரையில் நியூட்ரல். இரண்டு காமன்களிலிருந்தும் வயர் விளக்குக்கு. அந்தந்த போர்டில் ஃபேஸும் நியூட்ரலும் ஏற்கெனவே இருப்பதால் வயர் மிச்சமாகும். விளக்கும் எரியும், அணையும். ஆனால் அணைந்திருக்கும்போது ஹோல்டரின் இரண்டு பக்கமும் ஃபேஸ் வந்து நிற்கக்கூடும். விளக்கு அணைந்துவிட்டதே என்று பல்பை மாற்றப் போகிறவர் உயிருக்கு அது ஆபத்து. தவிர, ஒரு சிறிய சுவிட்சுக்குள் ஃபேஸும் நியூட்ரலும் மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. போர்டைத் திறந்தபோது டூ-வே சுவிட்சில் கருப்பு வயர் நேராக வந்திருப்பதைப் பார்த்தால், அதை அப்படியே மூடிவிட்டு வயர்மேனைக் கூப்பிட்டு மாற்றச் சொல்லுங்கள். செலவைப் பார்க்காதீர்கள்.

மூன்று இடத்திலிருந்து வேண்டும் என்றால்

மூன்று தளம் உள்ள வீட்டில் நடுத்தளத்திலும் சுவிட்ச் வேண்டும் என்பார்கள். இரண்டு ஓரங்களிலும் அதே டூ-வே சுவிட்ச்கள், நடுவில் மட்டும் நாலு ஸ்க்ரூ கொண்ட இன்டர்மீடியட் சுவிட்ச். ஜோடி வயரை நடுவில் வெட்டி, கீழிருந்து வரும் இரண்டை ஒரு பக்கமும் மேலே போகும் இரண்டை மறு பக்கமும் கொடுக்க வேண்டும். அந்தச் சுவிட்ச் ஒரு நிலையில் ஜோடியை நேராகக் கடத்தும், மறு நிலையில் குறுக்காக மாற்றிக் கடத்தும். நான்காவது இடம் வேண்டுமானால் இன்னொரு இன்டர்மீடியட்டை அதே ஜோடியில் சேர்த்தால் போதும். எந்த இரண்டு ஸ்க்ரூ ஒரு பக்கம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது, கூட வரும் தாளில் உள்ள படத்தைப் பாருங்கள். நடுச் சுவிட்ச் ஒரு நிலையில் இருக்கும்போது மேலும் கீழும் ஒழுங்காக வேலை செய்து, மறு நிலையில் விளக்கு எதற்கும் அசையவில்லை என்றால், இரண்டு ஜோடியிலிருந்தும் ஒவ்வொரு வயர் கலந்துவிட்டது என்று அர்த்தம். கடைக்குப் போகும்போது இன்டர்மீடியட் என்று பெயரைச் சொல்லியே கேளுங்கள், டூ-வே என்றால் மூன்று ஸ்க்ரூ உள்ளதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

கோளாறு பார்ப்பது

முதலில் ஒரு துண்டுத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்ச் சுவிட்ச் மேல், கீழ் என்று இரண்டு நிலை. மேல் சுவிட்சுக்கும் இரண்டு. மொத்தம் நாலு சேர்க்கை. ஒவ்வொன்றிலும் விளக்கு எரிகிறதா என்று குறித்துக்கொண்டு வாருங்கள். ஒழுங்காக இருந்தால் நாலில் இரண்டில் எரியும், இரண்டில் எரியாது. இந்தத் தாள் சொல்வது போல வேறு எதுவும் சொல்லாது.

நாலில் ஒன்றில் மட்டும் எரிந்தால், எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம், இரண்டும் வெளியே ஒரே மாதிரி தெரியும். ஒன்று, ஏதோ ஒரு சுவிட்சில் காமனில் வர வேண்டிய வயர் கரையிலும், ஜோடி வயர் காமனிலும் இருக்கிறது. இரண்டாவது, ஜோடியில் ஒரு வயர் லூசாகியோ அறுந்தோ இருக்கிறது, அல்லது சுவிட்சின் உள்ளே ஒரு பக்கத் தொடுப்பு கருகிவிட்டது. எது என்று எப்படிப் பிரிப்பது? அண்மையில் யாராவது போர்டைக் கழற்றினார்களா என்று கேளுங்கள். கழற்றியிருந்தால் பெரும்பாலும் முதல் காரணம்தான், அவர்கள் தொட்ட சுவிட்சைப் பாருங்கள். பல வருடம் ஒழுங்காக எரிந்து திடீரென்று இப்படி ஆனால் இரண்டாவது. ஸ்க்ரூக்களை இறுக்கிப் பார்த்து, தீரவில்லை என்றால் சுவிட்சைக் கழற்றி மல்டிமீட்டரில் சோதியுங்கள்.

வயர்கள் எல்லாம் ஒரே நிறமாக இருந்து காமன் வயர் எது என்றே தெரியவில்லையா? எல்லா மெயினும் இறங்கியிருக்கும் நிலையில், பல்பைக் கழற்றிவிட்டு, இரண்டு சுவிட்சிலிருந்தும் மூன்று மூன்று வயரையும் பிரித்துத் தனித்தனியாக நிறுத்துங்கள். மேலே ஏதாவது இரண்டு வயரைச் சேர்த்து முறுக்குங்கள். கீழே வந்து இரண்டு இரண்டாக மீட்டரை வைத்துப் பாருங்கள். சத்தம் வந்தால் அவைதான் ஜோடி, மேலேயும் கீழேயும். வராவிட்டால் மேலே போய் வேறு இரண்டைச் சேருங்கள். மூன்று தடவைக்குள் கிடைத்துவிடும். ஜோடி போக மிச்சமிருக்கும் வயர்தான் காமனுக்கு உரியது. அதில் உடனே சிவப்பு டேப் ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். இன்னொரு சின்ன அடையாளமும் உண்டு. ஒரு ஸ்க்ரூவில் இரண்டு வயர் சேர்ந்திருந்து, ஒன்று பக்கத்துச் சுவிட்சுக்கு லூப்பாகப் போனால் அது பெரும்பாலும் ஃபேஸ், அந்த ஸ்க்ரூதான் காமன். சுவிட்ச் மாற்றும்போது இந்த லூப்பை விட்டுவிட்டால் பக்கத்துச் சுவிட்சுகளும் செத்துவிடும்.

நாலிலும் எரிந்து அணையவே மறுத்தால், ஜோடி வயர்கள் இரண்டும் எங்கோ ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. சீவிய முனை நீளமாகி பாக்ஸுக்குள் தொட்டுக்கொண்டிருக்கும். ஒரு குறிப்பிட்ட நிலையில் சுவிட்சை வைத்தால் மட்டும் எம்.சி.பி. இறங்குகிறது என்றால், ஜோடியில் ஒரு வயர் நியூட்ரலையோ எர்த்தையோ தொடுகிறது. மாடிப்படிச் சுவரில் அண்மையில் படம் மாட்ட ஆணி அடித்தீர்களா, டிரில் போட்டீர்களா என்று யோசித்துப் பாருங்கள். பைப் ஓடும் நேர்கோட்டில் துளை இருந்தால் இனி நீங்கள் தொட வேண்டாம், வயர் மாற்ற வேண்டியிருக்கும்.

எல்.இ.டி. பல்பு அணைத்த பிறகும் மங்கலாக ஒளிர்கிறது என்று பலர் பயப்படுகிறார்கள். டூ-வே இணைப்பில் இது சகஜம். விளக்கு அணைந்திருக்கும்போதும் ஜோடியில் ஒரு வயரில் ஃபேஸ் நிற்கிறது, மற்ற வயர் விளக்கோடு சேர்ந்திருக்கிறது. இரண்டும் ஒரே பைப்பில் பல மீட்டர் ஒட்டி ஓடுவதால், தொடாமலேயே கொஞ்சம் கரண்ட் அடுத்த வயரில் ஏறும். குண்டு பல்புக்கு அது உறைக்காது. எல்.இ.டி.க்கு மினுக்க அது போதும். இதே காரணத்தால்தான் கரண்ட் வராத வயரிலும் டெஸ்டர் லேசாக எரியும், மீட்டர் ஏதோ ஒரு வோல்டேஜ் காட்டும். அனுபவமுள்ள வயர்மேன்கள் குண்டு பல்பு மாட்டிய டெஸ்ட் லாம்ப்பை விடாமல் வைத்திருப்பது இதனால்தான். சும்மா ஏறிய கரண்டில் அது எரியாது. மங்கல் ஒளிக்கு முதலில் வேறு கம்பெனி பல்பு போட்டுப் பாருங்கள். சுவிட்சில் சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருந்தால் அதுவும் காரணமாக இருக்கலாம். அப்படியும் தொடர்ந்தால், சுவிட்ச் ஃபேஸைத்தான் வெட்டுகிறதா என்று வயர்மேனைப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்குப் பதில் நியூட்ரலை வெட்டுவதும் இதே மங்கல் ஒளியாகத் தெரியும், அதை விட்டுவைக்கக் கூடாது. ஃபேஸ் சரியாக இருந்தால், விளக்குக்குக் குறுக்கே அதற்கென்றே விற்கும் கெப்பாசிட்டரைப் போட்டுத் தருவார்.

எங்கள் வீட்டு போர்டைத் திறந்தபோது எனக்குக் கிடைத்தது வெறும் மூன்று வெள்ளை வயர்கள், எல்லாம் பெயின்ட் தெளித்து ஒரே நிறமாகியிருந்தன. மேலே கீழே இரண்டு தடவை ஏறி இறங்கி ஜோடியைக் கண்டுபிடித்து, காமனை இடம் மாற்றினேன். மூடும் முன் இரண்டு போர்டையும் திறந்த நிலையில் போனில் போட்டோ எடுத்தேன். மெயினைத் தூக்கிவிட்டு நாலு சேர்க்கையையும் தாளில் மறுபடி குறித்தேன், இரண்டு எரிந்தது, இரண்டு அணைந்தது. அந்தத் தாளின் பின்பக்கம் “மாடிப்படி விளக்கு, இன்வெர்ட்டர் லைன், கீழ் மீட்டர். சிவப்பு டேப் சுற்றியது காமன்” என்று எழுதி, டிஸ்ட்ரிப்யூஷன் போர்டுக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறேன். அடுத்த தடவை பெயின்ட் அடிக்க யார் வந்தாலும் முதலில் அந்தக் கதவைத் திறந்து காட்டுவேன்.